இயேசு உண்மையில் வாழ்ந்தவரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டால் இரண்டு பதில்கள் உடனே வரும். "அதெல்லாம் விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது" என்பார் ஒருவர். "எல்லாம் கட்டுக்கதை, ஒரு துண்டுச் சான்றுகூடக் கிடையாது" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் சான்றுகளை எடுத்துப் படித்ததில்லை என்றுதான் தோன்றுகிறது. படிக்கவேண்டியவை அதிகமில்லை, பொறுமையாகப் படித்தால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அவற்றை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், இருந்தாரா இல்லையா?

இருந்தார். கலிலேயாவைச் சேர்ந்த யூதர்; யோவான் என்ற தீர்க்கதரிசியிடம் ஞானஸ்நானம் பெற்றவர்; சீடர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போதித்தவர்; ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட காலத்தில் எருசலேமில் சிலுவையில் அறைந்து கொல்லப்பட்டவர். பிலாத்து பதவியில் இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. கொல்லப்பட்ட ஆண்டு 30 அல்லது 33 என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. இந்த எலும்புக்கூடு வரை வரலாற்று ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது. அதற்கு மேல் சதை போர்த்தும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

அவர் வாழ்ந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு குறிப்பாவது உண்டா?

இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொள்ளவேண்டும். இயேசு எழுதிய ஒரு வரியும் கிடையாது. அவர் உயிரோடிருந்தபோது வேறு யாரும் அவரைப் பற்றி எழுதியதும் கைக்கு வரவில்லை.

ஆனால் அந்தக் காலத்து யூதேயாவிலிருந்து என்னென்ன கைக்கு வந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ரோமானிய ஆளுநர் அலுவலகத்தின் ஆவணங்களில் எதுவுமே மிஞ்சவில்லை. பிலாத்து ரோமுக்கு அனுப்பிய அறிக்கை ஒன்றுகூட இல்லை. பத்து வருடம் ஒரு மாகாணத்தையே ஆண்ட அந்த மனிதருக்கு அவர் காலத்துச் சான்று என்று பார்த்தால் உடைந்த கல்வெட்டு ஒன்று, அவர் வெளியிட்ட சின்ன வெண்கலக் காசுகள், அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவ அறிஞர் பைலோ எழுதிய ஒரு பகுதி. அவ்வளவுதான். ஆளுநருக்கே இந்த நிலை என்றால், கலிலேயாக் கிராமத்துத் தச்சருக்கு ரோமில் யார் குறிப்பு எழுதி வைத்திருப்பார்கள்? யோவான் ஸ்நானகன், கூட்டத்தைத் திரட்டி யோர்தான் ஆற்றைப் பிளப்பேன் என்று கிளம்பிய தெயுதாஸ் ஆகியோருக்கும் அவர்கள் காலத்துச் சான்று கிடையாது. அவர்களைப் பற்றி நமக்குச் சொல்பவர் பிற்பாடு எழுதிய யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பு. ஆனாலும் அவர்கள் கற்பனை என்று யாரும் சொல்வதில்லை.

கிறிஸ்தவரல்லாத யாராவது எழுதியிருக்கிறார்களா?

முதலில் நினைவுக்கு வருபவர் டாசிட்டஸ். ரோமின் பெரிய வரலாற்று ஆசிரியர், செனட் உறுப்பினர், ஆசியா மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். கி.பி. 116 வாக்கில் எழுதிய ஆண்டுக் குறிப்புகளின் 15-ஆம் புத்தகத்தில், 64-ஆம் ஆண்டு ரோம் நகரம் தீப்பற்றி எரிந்ததையும், நீரோ அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டதையும் சொல்கிறார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளக்கும்போது, பேரரசர் திபேரியு ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் மரண தண்டனை பெற்ற கிறிஸ்துவிடமிருந்து வந்தது என்கிறார். கிறிஸ்தவத்தை அவர் நாசகரமான மூடநம்பிக்கை என்றே திட்டுகிறார். ஒரு கிறிஸ்தவர் பிற்பாடு உள்ளே நுழைத்த வரி என்றால் இப்படி வசை பாடியிருக்கமாட்டார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. டாசிட்டஸ் அரசு ஆவணத்தைப் பார்த்தா எழுதினார், அல்லது கிறிஸ்தவர்கள் சொல்லிக்கொண்டதைத் திருப்பிச் சொன்னாரா? பிலாத்துவை அவர் "புரோக்குரேட்டர்" என்கிறார். பிலாத்து தன் கல்வெட்டில் போட்டுக்கொண்ட பதவிப் பெயரோ "பிரிஃபெக்ட்". பழைய ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர் என்றால் சரியான பெயரைப் போட்டிருக்கலாம். ஆகவே டாசிட்டஸை ஆதாரங்களின் சிகரம் என்று தூக்கிப்பிடிப்பது மிகை. 116 வாக்கில் ரோமின் படித்த மனிதர் ஒருவர் இந்த மரண தண்டனையை நடந்த நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டார், சந்தேகிக்கவில்லை. அவரிடமிருந்து கிடைப்பது அவ்வளவு.

112 வாக்கில் பித்தினியா-பொந்து மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகிறார்கள் என்கிறார். இது கிறிஸ்தவர்களைப் பற்றிய சான்று; இயேசுவைப் பற்றி அதிகம் சொல்லாது. ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் சொல்லும் "கிரெஸ்டஸ்" யார் என்பதிலேயே தகராறு. 2-ஆம் நூற்றாண்டின் நையாண்டி எழுத்தாளர் லூசியன், கிறிஸ்தவர்கள் பாலஸ்தீனத்தில் சிலுவையில் அறையப்பட்ட மனிதனை வணங்குகிறார்கள் என்று கேலி செய்கிறார். யூதச் சட்ட விளக்கங்களின் தொகுப்பான தல்மூத்தில் பஸ்கா பண்டிகைக்கு முந்தினநாள் யேஷு தூக்கிலிடப்பட்டதாக ஒரு குறிப்பு உண்டு, ஆனால் தல்மூத் தொகுக்கப்பட்டது பல நூற்றாண்டுகள் கழித்து. இவை நான்கையும் பட்டியலில் சேர்த்துப் பெரிதாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

யோசேப்பு எழுதியது கிறிஸ்தவர்கள் செருகிய பொய் என்கிறார்களே?

பாதி சரி. பிளாவியுஸ் யோசேப்பு கி.பி. 37-இல் எருசலேமின் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். ரோமுக்கு எதிரான போரில் கலிலேயாவில் படை நடத்தி, தோற்று, பிறகு ரோமிலேயே தங்கி எழுதியவர். 93 அல்லது 94-இல் முடித்த யூதப் பழமைகள் என்ற நூலில் இயேசு இரண்டு இடங்களில் வருகிறார்.

18-ஆம் புத்தகத்தில் வரும் பத்திதான் எல்லோரும் சண்டை போடும் இடம். இன்று நம்மிடம் உள்ள வடிவத்தில் அது "இவரே கிறிஸ்து" (யூதர் காத்திருந்த மேசியா என்று பொருள்) என்கிறது, மூன்றாம் நாள் உயிரோடு தோன்றினார் என்கிறது. கடைசிவரை யூதராகவே இருந்த யோசேப்பு இப்படி எழுதியிருக்க வழியே இல்லை. 3-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், யோசேப்பு இயேசுவைக் கிறிஸ்து என்று ஏற்கவில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்று ஆசிரியர் யூசேபியுஸ் மேற்கோள் காட்டும்போதுதான் இந்த வடிவம் முதல்முதலாகத் தலைகாட்டுகிறது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது உறுதி.

முழுப் பத்தியும் செருகலா, அல்லது ஏற்கனவே இருந்த சில வரிகளுக்கு மெருகு பூசினார்களா என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. பெரும்பாலான ஆய்வாளர்கள் இரண்டாவதை ஏற்கிறார்கள். மிகையான சொற்களை எடுத்துவிட்டால் மீதி யோசேப்பின் நடையோடு ஒத்துப்போகிறது. 10-ஆம் நூற்றாண்டில் அகாபியுஸ் என்ற ஆயர் அரபு மொழியில் எழுதிவைத்த வடிவம் இன்னும் அடக்கமாகப் பேசுகிறது. ஷ்லோமோ பைன்ஸ் அதை 1971-இல் வெளியிட்டார். இருந்தாலும் கறை பட்ட சாட்சியை முன்னே நிறுத்தி வழக்கு நடத்தவேண்டிய தேவை இல்லை. அதைவிட நல்ல சாட்சி அதே நூலில் இருக்கிறது.

எது அந்த நல்ல சாட்சி?

20-ஆம் புத்தகத்தில் வரும் ஒரு கொலை. கி.பி. 62. ஆளுநர் பெஸ்து இறந்துவிட்டார், அடுத்து வரவேண்டிய அல்பினஸ் இன்னும் வழியில் இருக்கிறார். இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு பிரதான ஆசாரியர் அனனஸ் நியாயசபையைக் கூட்டி, சிலரைக் கல்லெறிந்து கொல்ல வைக்கிறார். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்ற பெயருடையவர்". ஊரில் சட்டத்தை மதித்தவர்கள் கொதித்துப்போய்ப் புகார் செய்ய, அனனஸின் பதவி பறிபோகிறது.

யோசேப்புக்கு இங்கே இயேசுவைப் பற்றி அக்கறையே இல்லை. பேச்சு அனனஸைப் பற்றி. யாக்கோபு என்ற பெயர் அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருந்ததால், எந்த யாக்கோபு என்று அடையாளம் சொல்ல ஒரு சொற்றொடர் போடுகிறார். பெருமைப்படுத்துவதும் இல்லை, "எனப்பட்ட" என்று விலகியே நிற்கிறார். கிறிஸ்தவர் யாராவது செருகியிருந்தால் "கர்த்தரின் சகோதரர்" என்று எழுதியிருப்பார். அப்போது யோசேப்புக்குச் சுமார் 25 வயது. எருசலேமில் பிறந்து வளர்ந்தவர், அதே ஆசாரிய வட்டத்து ஆள். நடந்தது அவருடைய ஊரில், அவருடைய காலத்தில்.

அதே பகுதியில் தம்னேயுவின் மகன் இயேசு என்ற இன்னொருவர் வருகிறார், யாக்கோபு அவருடைய சகோதரர்தான் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் "கிறிஸ்து எனப்பட்ட" என்பது பிற்காலச் செருகலாக இருக்கவேண்டும். ஆனால் ஓரிகன், இந்தச் சொற்றொடரை யோசேப்பு எழுதியதாக 3-ஆம் நூற்றாண்டிலேயே திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். அதாவது 18-ஆம் புத்தகப் பத்தி இன்றைய வடிவில் வெளியே வருவதற்கு முன்பே இது அங்கே இருந்தது.

இப்போது தொடக்ககாலக் கிறிஸ்தவப் போதகர் பவுலிடம் வாருங்கள். கலாத்தியருக்கு அவர் எழுதிய கடிதம் 50-களைச் சேர்ந்தது, யோசேப்புக்குச் சுமார் நாற்பது வருடம் முந்தையது. பவுல் மனம் மாறி மூன்று வருடம் கழித்து எருசலேமுக்குப் போய், கேபா என்கிற சீடர் பேதுருவோடு 15 நாள் தங்கினார். வேறு அப்போஸ்தலரைப் பார்க்கவில்லை, கர்த்தருடைய சகோதரர் யாக்கோபை மட்டும் பார்த்தேன் என்கிறார். அடுத்த வசனத்தில், நான் எழுதுவது பொய்யல்ல என்று தேவன் முன்னிலையில் உறுதியும் கூறுகிறார். சிலுவை மரணம் நடந்து பத்து வருடத்துக்குள் நடந்த சந்திப்பு இது. தவிர, பவுலும் யாக்கோபும் ஒத்துப்போனவர்கள் கிடையாது. அதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், யாக்கோபிடமிருந்து வந்தவர்களால் அந்தியோகியாவில் வெடித்த சச்சரவை விவரிக்கிறார். இயேசுவின் உறவுக்காரர் என்ற தகுதி யாக்கோபின் கையைத்தான் ஓங்கச் செய்யும். அதைப் பவுல் இட்டுக்கட்ட என்ன முகாந்திரம்?

"சகோதரர் என்றால் சபையின் உறுப்பினர் என்றுதான் பொருள்" என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. பவுல் விசுவாசிகளைச் சகோதரர்கள் என்று அழைப்பது உண்மை. ஆனால் அந்த இடத்தில் பேதுருவும் விசுவாசிதானே? அவருக்கு ஏன் அந்த அடைமொழி இல்லை? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 9-ஆம் அதிகாரத்திலும், மனைவியை அழைத்துக்கொண்டு பயணம் செய்பவர்களைச் சொல்லும்போது மற்ற அப்போஸ்தலர்கள், கர்த்தருடைய சகோதரர்கள், கேபா என்று தனித்தனியாகப் பிரிக்கிறார். கர்த்தருடைய சகோதரர்கள் என்பவர்கள் ஒரு குடும்பம். கத்தோலிக்கத் திருச்சபை, இவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை, ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்கிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் சான்று பலவீனப்படாது. இல்லாத மனிதருக்கு ஒன்றுவிட்ட தம்பியும் இருக்க முடியாது.

என்னைக் கேட்டால் முழு விவாதத்தின் கனமும் இங்கேதான் இருக்கிறது. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு பேர், ஒருவர் இயேசுவை வணங்கியவர், மற்றவர் கண்டுகொள்ளாதவர், ஒரே எருசலேமில் ஒரே யாக்கோபை ஒரே உறவுமுறை சொல்லிக் காட்டுகிறார்கள்.

சுவிசேஷங்கள் பக்தர்கள் எழுதியவை. அவற்றை எப்படி நம்புவது?

அப்படியே நம்பவேண்டியதில்லை. மாற்கு 70 வாக்கில், மத்தேயுவும் லூக்காவும் அதன்பின், யோவான் நூற்றாண்டின் இறுதியில் என்பது பொதுவான கணிப்பு. எழுதியவர்களுக்கு நோக்கம் இருந்தது. ஆனால் நோக்கத்தோடு எழுதியவர்களையே உரசிப் பார்த்து உண்மையைப் பிரித்தெடுக்க முடியும், அவர்களுக்குச் சங்கடம் தரும் செய்தி எது என்று தேடினால்.

ஞானஸ்நானத்தைப் பாருங்கள். பாவமன்னிப்புக்காக யோவான் ஸ்நானகன் கொடுத்த ஞானஸ்நானத்தை இயேசு பெற்றார் என்று மாற்கு கூச்சமில்லாமல் சொல்கிறார். மத்தேயுவுக்கு உறுத்துகிறது, யோவான் தயங்குவதாகவும் இயேசு சமாதானம் சொல்வதாகவும் ஒரு உரையாடலைச் சேர்க்கிறார். லூக்கா, யோவான் சிறைக்குப் போனதை முதலில் சொல்லிவிட்டு, யார் ஞானஸ்நானம் கொடுத்தது என்பதைச் சொல்லாமலே கடந்துபோகிறார். நான்காவது சுவிசேஷத்தில் ஞானஸ்நானக் காட்சியே இல்லை. இப்படி மென்று விழுங்கவேண்டிய ஒரு செய்தியை யார் கற்பனை செய்து சேர்ப்பார்கள்?

சிலுவையும் அப்படித்தான். வரப்போகும் மேசியா அரசாள்வார், எதிரிகளை முறியடிப்பார் என்று காத்திருந்த மக்களிடம், அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய கேவலமான சாவு செத்தவர்தான் மேசியா என்று போய்ச் சொல்லவேண்டியிருந்தது. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன் என்று அவர்களுடைய வேதமே சொல்கிறது. யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் வெளிப்படையாகவே எழுதினார். மேசியாவைப் புதிதாகக் கற்பனை செய்ய உட்கார்ந்தவர்கள் இந்த முடிவை எழுதியிருக்கவே மாட்டார்கள்.

பிறப்புக் கதைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவே?

ஆமாம், முரண்படுகின்றன. மத்தேயுவின்படி ஏரோது ராஜா உயிரோடிருந்தபோது. ஏரோது செத்தது கி.மு. 4. லூக்காவின்படி சிரேனியு சீரியாவை ஆண்டபோது நடந்த குடிமதிப்பின் காலத்தில், அது கி.பி. 6. இடையில் ஏறக்குறைய பத்து வருடம். எவ்வளவு வளைத்தாலும் சேராது. பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையில் இருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. டிசம்பர் 25 என்பதற்குச் சுவிசேஷங்களில் ஆதாரம் இல்லை.

ஆனால் இந்த முரண்பாட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. இரண்டு பேரும் அவரைப் பெத்லகேமில் பிறக்கவைக்கப் பாடுபடுகிறார்கள், மேசியா அங்கேதான் பிறப்பார் என்ற மீகா தீர்க்கதரிசனத்துக்காக. இட்டுக்கட்டிய பாத்திரம் என்றால் பெத்லகேம் இயேசு என்றே தொடங்கியிருக்கலாம், வேலை சுலபம். அவர் நாசரேத்துக்காரர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் சிக்கல்.

நாசரேத்து என்ற ஊரே அப்போது இல்லை என்கிறார்களே?

பழைய ஏற்பாட்டிலும் யோசேப்பின் நூல்களிலும் அந்தப் பெயர் வராதது உண்மை. மிகச் சின்ன ஊர். ஆனால் 1962-இல் செசரியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுத் துண்டில் ஊர்ப்பெயர் இருக்கிறது. ஊருக்குள் நடந்த அகழாய்வுகளில் முதல் நூற்றாண்டுக் கல்லறைகளும், 2009-இல் அறிவிக்கப்பட்டபடி அந்தக் காலத்து வீடு ஒன்றும் வெளிவந்திருக்கின்றன. இந்த வாதத்தை இனி விட்டுவிடலாம்.

தொல்லியல் இயேசுவையே நேரடியாகக் காட்டுகிறதா?

காட்டவில்லை. அவரைச் சுற்றியிருந்த உலகத்தைக் காட்டுகிறது. 1961-இல் செசரியா அரங்கில், படிக்கட்டுக் கல்லாக மறுபடி பயன்படுத்தப்பட்டிருந்த பிலாத்துவின் கல்வெட்டு கிடைத்தது. 1968-இல் எருசலேமின் வடக்கே ஒரு கல்லறையில் யெகோகனான் என்பவரின் குதிகால் எலும்பு, ஆணி குத்தியபடியே கிடைத்தது. சிலுவையில் செத்தவர்களைக் குடும்பத்தார் அடக்கம் செய்ய விடவே மாட்டார்கள் என்ற வாதத்துக்கு அது பதில். 1990-இல் பிரதான ஆசாரியர் காய்பாவின் பெயர் பொறித்த எலும்புப்பெட்டி கிடைத்தது.

டூரின் துணி? யாக்கோபின் எலும்புப்பெட்டி? பிலாத்து எழுதிய கடிதம்?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுபவை இவைதான், தயவுசெய்து அனுப்பாதீர்கள். இயேசுவைச் சுற்றி அடக்கம் செய்த துணி என்று சொல்லப்படும் டூரின் துணியை 1988-இல் ஆக்ஸ்ஃபோர்டு, சூரிக், அரிசோனா ஆகிய மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் சோதித்து 1260-க்கும் 1390-க்கும் இடைப்பட்டது என்றன. துணி பிரான்சில் முதலில் தலைகாட்டியதும் 14-ஆம் நூற்றாண்டில்தான். "யாக்கோபு, யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன்" என்று பொறித்த பெட்டி 2002-இல் உலகத்துக்குக் காட்டப்பட்டது, ஆனால் எங்கே தோண்டியெடுத்தது என்பதற்குப் பதிவு கிடையாது. போலி செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கில் அதன் உரிமையாளர் 2012-இல் விடுதலையானார். பெட்டி அசல் என்று தாங்கள் சொல்லவில்லை என்பதையும் நீதிமன்றம் தெளிவாக்கியது. பிலாத்து எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களும், இயேசுவின் முடி நிறம் வரை வர்ணிக்கும் லெந்துலுஸ் கடிதமும் பிற்காலத்தில் புனையப்பட்டவை. உண்மையான சான்று கையில் இருக்கும்போது போலியைக் காட்டுகிறவர், உண்மையையும் சேர்த்தே சந்தேகத்துக்கு ஆளாக்குகிறார். எனக்கு இது மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

இயேசு கதையே எகிப்தியக் கடவுள் ஹோரஸ், ரோமானியர் வணங்கிய மித்ரா ஆகியோரின் கதைகளைக் காப்பியடித்தது என்கிறார்களே?

ஹோரஸ் கன்னியிடம் பிறந்தார், 12 சீடர் வைத்திருந்தார், சிலுவையில் செத்தார் என்ற பட்டியலுக்கு எகிப்திய நூல்களில் ஆதாரமே இல்லை. மித்ரா பாறையிலிருந்து பிறந்தவர். முதல் சீடர்கள் அத்தனை பேரும் யூதர்கள். அவர்களுடைய கற்பனைக்கு ஊற்று எபிரேய வேதம்தான்.

இல்லை என்று சொல்லும் அறிஞர்களே கிடையாதா?

உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் புரூனோ பவர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் டிரூஸ், இப்போது ரிச்சர்ட் கேரியர், ராபர்ட் பிரைஸ். படித்தவர்கள்தான், கேள்விகளையும் கூர்மையாகவே கேட்கிறார்கள். ஆனால் துறைக்குள் மிகச் சிறுபான்மை. மறுபக்கம் இருப்பவர்கள் எல்லோரும் பாதிரியார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. பார்ட் எர்மன் கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டவர். கேசா வெர்மெஷ் யூதர். இயேசு தெய்வம் என்று இவர்கள் ஏற்கவில்லை, வாழ்ந்தவர் என்பதில் இவர்களுக்குச் சந்தேகமும் இல்லை.

இயேசு இந்தியாவுக்கு வந்தாரா?

ஆதாரம் இல்லை. 1894-இல் நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் இயேசு இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் ஒரு சுவடியைப் பார்த்ததாகப் புத்தகம் போட்டார். அடுத்த வருடமே ஆர்ச்சிபால்டு டக்ளஸ் என்பவர் அங்கே போய் விசாரித்தபோது, மடத்தலைவர் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்துவிட்டார். ஸ்ரீநகரின் ரோசாபால் கல்லறை இயேசுவுடையது என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகமதியா இயக்கத்தின் நிறுவனர் முன்வைத்த கருத்து. மயிலாப்பூரில் இயேசுவின் சீடர் தோமா அடக்கம் செய்யப்பட்டார் என்பது பழைய மரபு, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் அதைச் சொல்கிறார். ஆனால் அது தோமாவைப் பற்றிய தனி ஆய்வு, இயேசு வாழ்ந்ததற்குச் சான்றாக இழுக்க முடியாது.

வாழ்ந்தவர் என்றால் உயிர்த்தெழுந்ததும் நிரூபணம் ஆகிவிடுமா?

ஆகாது. அவர் உயிரோடு தங்களுக்குத் தோன்றினார் என்று பேதுருவும் யாக்கோபும் பவுலும் உறுதியாக நம்பினார்கள் என்பது வரை வரலாறு சொல்லும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 15-ஆம் அதிகாரத்தில், தனக்கு முன்பே சபையில் வழங்கிவந்த ஒரு அறிக்கையைப் பவுல் பெயர்ப்பட்டியலோடு எடுத்துச் சொல்கிறார். அவர்கள் கண்டது என்ன என்று கல்வெட்டையும் ஏட்டையும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. அவர் வாழ்ந்தவர் என்று ஏற்றுக்கொண்டால் கிறிஸ்தவராகிவிட வேண்டுமோ என்ற பயத்தில் பகுத்தறிவாளர்கள் சான்றுகளை மறுக்கவேண்டியதில்லை. உயிர்த்தெழுதல் ஆய்வகத்தில் நிரூபணம் ஆகவில்லையே என்று விசுவாசிகள் பதறவேண்டியதும் இல்லை.